முழம் முப்பது

எக்கனாமெட்ரிக்ஸ் என்ற பொருளாதாரக் கணக்குப் பேப்பரில் கோட்டை விடுகிறவர்கள் அந்தப் பல்கலைக்கழகத்தில் வருஷா வருஷம் உண்டு. கணக்கு ஏறாமல் போனவர்கள், கம்ப்யூட்டர் மக்கர் பண்ணிப் போனவர்கள், காதலில் விழுந்து வகுப்புப் பக்கமே வராமல் போனவர்கள் என்று பல ரகம். ஆனால் உண்மையை எழுதிவிட்டு மாட்டிக்கொண்டது அன்புச்செல்வி ஒருத்திதான். கேட்டால் சிரிப்பு வரும். அவளுக்கு வரவில்லை.

வியாழக்கிழமை மதியம் துறை அறையில் மதிவாணன் சார் அவளுடைய ப்ராஜெக்ட் தாள்களை மேஜைமேல் பரப்பி வைத்திருந்தார். எக்கனாமெட்ரிக்ஸ் எடுப்பவர் அவர்தான், ப்ராஜெக்டுக்கு வழிகாட்டியும் அவர்தான். கத்தும் வாத்தியார் என்றால் தலையைக் குனிந்து நின்று சமாளித்துவிடலாம். இவர் கத்தவில்லை.

"கோயம்பேட்டுல மல்லிப்பூ மொத்த விலை கிலோ நானூறுலேர்ந்து ரெண்டாயிரம் வரைக்கும் ஏறி இறங்குது. நீயே எழுதியிருக்கே. சரியா?"

"சரி சார்."

"மயிலாப்பூர்ல சில்லறை விலை என்ன எழுதியிருக்கே? நீயே படி."

அவள் படித்தாள். "முழம் முப்பது. முப்பது. முப்பது. முப்பது..."

"எங்கயாவது மாறுதா?"

"பொங்கல் சமயத்துல ரெண்டு நாள் நாப்பது சார்."

"அவ்வளவுதான். அஞ்சு மாசம் சர்வே எடுத்திருக்கே. வாங்குற விலை அஞ்சு மடங்கு ஏறுது, விக்கிற விலை அசையாம நிக்குது. எந்த ஊர்லம்மா நடக்கும் இது? பூக்காரங்கல்லாம் தர்மத்துக்கு வியாபாரம் பண்றாங்களா?"

"நெஜமாவே கேட்டுத்தான் சார் எழுதினேன்."

"போன வருஷம் இன்னொருத்தனும் இதே நாற்காலிக்கு முன்னாடி நின்னு இதையேதான் சொன்னான்."

அந்த இன்னொருத்தன் கதை துறைக்கே தெரியும். வீட்டில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டே ஆட்டோக் கட்டண சர்வே ஒன்றை எழுதித் தள்ளினான். வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஐந்தே நிமிஷத்தில் பிடித்துவிட்டார். பையன் போனான், தலை குனிந்து நின்றது மதிவாணன் சார். சூடு கண்ட மனுஷன், இந்த வருஷம் ஒவ்வொரு தாளையும் மோந்து பார்க்கிறார். அவரையும் குற்றம் சொல்ல முடியாதுதான்.

"திங்கட்கிழமை காலையில நானும் ஜஹீதா மேடமும் உட்காருவோம். விளக்கம் சொல்லு. சரியா இல்லேன்னா மால்ப்ராக்டிஸ்னு எழுதி மேல அனுப்புறதைத் தவிர எனக்கு வேற வழியில்ல."

மால்ப்ராக்டிஸ் என்றால் ப்ராஜெக்ட் ரத்து. ஒரு வருஷம் காலி. தி. நகரில் ஒரு சர்வே கம்பெனி அவளை வேலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லி, ஜூன் மாதம் சர்டிபிகேட்டோடு வரச் சொல்லியிருந்தது. அதுவும் காலி. அப்பா தணிகாசலம் பெயின்டர். சாரத்திலிருந்து விழுந்து முதுகு ஒடிந்த நாளிலிருந்து பெரும்பாக்கம் அடுக்கு வீட்டின் ஆறாவது மாடியை விட்டு இறங்கவில்லை. அம்மா தாயம்மாவின் பூதான் அடுப்பை எரிய வைத்தது. இத்தனைக்கும் மேலே, பொய் எழுதினவள் என்று ஒரு பேர். அதை நினைத்தபோதுதான் அன்புச்செல்விக்குக் கண் கலங்கியது.

அந்தப் பாடத்தை அவள் சும்மா படித்துவிடவில்லை. மந்தைவெளி மாநகராட்சிப் பள்ளியில் தமிழில் படித்த பெண். முதல் வகுப்பில் போர்டு முழுக்கக் கிரேக்க எழுத்து. அதில் பீட்டா என்ற எழுத்துக்குத் தலையில் தொப்பி மாதிரி ஒரு குறி வேறு. அது ஏன் தொப்பி போட்டிருக்கிறது என்று கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு முதல் இன்டர்னலில் மண்ணைக் கவ்வினாள். பிறகு ஒருநாள் மதிவாணன் சார் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "நாம பாக்குறது கொஞ்சம். பாக்காதது நிறைய. அந்தப் பாக்காததையெல்லாம் ஒரு மூட்டையா கட்டிக் கடைசியில போடுறோம். அதுக்குப் பேருதான் எரர் டெர்ம். சமன்பாட்டுல யூன்னு எழுதுவோம். யூவைப் பாத்து பயப்படாதீங்க, ஆனா அலட்சியமும் பண்ணாதீங்க." அன்று அவளுக்கு ஏதோ திறந்துகொண்டது. உலகத்தில் எதற்கு எது காரணம் என்று இப்படி நூல் பிடித்துப் போய்ப் பார்க்கலாமா! அந்தக் கணக்குக்குப் பேர் ரெக்ரஷன். அப்புறம் பஸ்ஸில் போகும்போதும் ரெக்ரஷன்தான், பூக் கட்டும்போதும் ரெக்ரஷன்தான். ப்ராஜெக்டுக்குத் தலைப்பு கேட்டபோது மற்றவர்கள் ஏற்றுமதி, அந்நிய முதலீடு என்று இன்டர்நெட்டில் டேட்டா தேட, இவள் மல்லிப்பூ என்றாள். மொத்த விலை ஏறினால் சில்லறை விலை எவ்வளவு ஏறுகிறது? தெற்கு மாட வீதியின் பூக்காரிகள் எல்லாரும் அவளை இடுப்பில் தூக்கி வளர்த்தவர்கள். வேறு யாருக்கு வாய்க்கும் இப்படி?

புரட்டாசியில் ஆரம்பித்தாள். வகுப்பு முடிந்து வந்து, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டே ஒவ்வொருத்தியாகக் கேட்பாள். "இன்னிக்கு முழம் எவ்ளோக்கா?" முப்பது என்பார்கள். எழுதிக்கொள்வாள். இதில் எங்கே வந்தது பொய்?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பூக்கடை வரிசைக்குப் போய் மறுபடி ஒவ்வொருத்தியாகக் கேட்டாள். சொல்லவே நாக்கூசுகிறது, சொந்த அம்மாவின் மேலேயே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வாங்குகிறவர்களுக்கு ஒரு விலை, எழுதிக்கொள்ள ஒரு விலை என்று எல்லாருமாகச் சேர்ந்து தன் தலையில் மிளகாய் அரைத்துவிட்டார்களோ?

"எம்மா, நெஜமாவே முப்பதுதானா? பூ ஏறுனப்ப நாப்பது அம்பதுன்னு வித்தியா?"

"இன்னாடி, போலீசு மாரி கேக்கறே?" என்றாள் தாயம்மா. "முப்பதுன்னா முப்பதுதான். பொங்கல் ரெண்டு நாளு வுட்டா, நாப்பதுன்னு சொன்னா எவ வாங்குவா? அட்த்த கடைக்குப் போய்க்கினே இருப்பா."

வரிசையின் மூத்தவள் கெங்கம்மா, ரோஜாக் கூடையில் தண்ணீர் தெளித்தபடி, "படிச்சிப் படிச்சி புள்ளைக்கு மூளை கொழம்பிப் போச்சி தாயம்மா. சுத்திப் போடு" என்றாள்.

சனிக்கிழமை விலை தலைகீழாக ஏறியது. ஞாயிறும் திங்களும் அடுத்தடுத்து மாசி முகூர்த்தம். கோயம்பேட்டிலிருந்து ஆட்டோவில் வந்த மூட்டையைப் பிரித்ததுமே தாயம்மா முகம் சுண்டிப்போனது. "ரெண்டாயிரத்த தாண்டிட்சி. சும்மா குந்திகினு இருக்காத, கட்டு."

அன்புச்செல்வி கட்டினாள். மனசு எங்கோ இருந்தது. திங்கட்கிழமை என்ன சொல்வது? இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், நூலைச் சுற்றி ஒரு இழுப்பு. கண்ணை மூடிக்கொண்டும் கட்டுவாள். கோயில் குளத்தைச் சுற்றி ஒரே கூட்டம். அம்மா வலது முழங்கையில் ஆரம்பித்து விரல் நுனிவரை சரத்தை இழுத்து, கிள்ளி, இலையில் மடித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

வாடிக்கையாக வரும் கிழக்கு மாட வீதி மாமி ஒருத்தி, வாங்கின சரத்தைத் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

"என்னடி தாயம்மா இது? முந்தாநாள் ஆத்துக்கு வாங்கிண்டு போனது தலை நெறைய இருந்தது. இதுல பூவைத் தேட வேண்டியிருக்கே!"

"முகூர்த்தம் மாமி. மூட்டையே நெருப்பு வெல. உங்களுக்குன்னு நெருக்கித்தான் கட்டிகீது."

"நெருக்கியா! நன்னாருக்கு போ" என்று மாமி முப்பது ரூபாயைக் கொடுத்துவிட்டு முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்தாள்.

மாமி தூக்கிக் காட்டியது அன்புச்செல்வி கட்டின சரம். அவள் குனிந்து தன் கையைப் பார்த்தாள். விரலில் சுற்றியிருந்த நூலில் ஒரு முடிச்சுக்கும் அடுத்த முடிச்சுக்கும் நடுவில் கட்டைவிரல் போகும் அளவுக்கு வெறும் நூல். வியாழக்கிழமை இப்படிக் கட்டவில்லை. வியாழக்கிழமை நடுவில் ஊசி நுழைய இடம் இருந்திருக்காது. எட்டக் கட்டு என்று அம்மா சொன்னாளா? சொல்லவில்லை. யாரும் எப்போதும் சொன்னதில்லை. ரெண்டாயிரத்தைத் தாண்டிவிட்டது என்ற சொல் காதில் விழுந்த உடனேயே விரல் தானாகத் தள்ளித் தள்ளிப் போட ஆரம்பித்துவிட்டது. பாவாடை கட்டின வயசிலிருந்து பழகின விரல்.

அடிப் பாவி, என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். விலை ஏறாமல் எங்கே நின்றது? ஏறத்தான் செய்தது. முப்பது அப்படியே நின்றது, முழத்துக்குள் இருந்த பூ பாதியானது. அஞ்சு மாசம் ஊரையெல்லாம் கேட்டுக் கேட்டு எழுதினவள், முழம் என்றால் எத்தனை பூ என்று ஒரு தடவை கேட்கவில்லை. வெளியூர்க்காரி யாராவது வந்து சர்வே எடுத்திருந்தால் முதல் நாளே எண்ணியிருப்பாள். இவளுக்கு முழம் என்றால் முழம்தான், அதில் கேட்க என்ன இருக்கிறது? யூவுக்குள் என்ன இருக்கிறது என்று பஸ்ஸெல்லாம் யோசித்தாளே, அவள் விரல்தான் இருந்தது.

சந்தோஷம் தாங்கவில்லை. சரத்தை மடியில் போட்டுவிட்டு அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "எம்மா, கண்டுபுடிச்சிட்டேன்! பூ ஏறுனா நாம எட்டக் கட்றோம் இல்ல? அதான் வெலை. அத்த எழுதிட்டா சார் ஒத்துக்குவாரு!"

தாயம்மாவின் கை நின்றது. "இன்னா எழுதப் போறே?"

"பூ வெலை ஏறுனா முழத்துல பூ கொறையுதுன்னு."

"நாங்கோ ஏமாத்தறோம்னு எழுதப் போறே."

"ஐயோ, ஏமாத்தறதுன்னு யாருமா சொன்னா?"

"அப்பால இன்னா? பூவக் கொறச்சிட்டு அதே காசு வாங்கறாளுங்கன்னு எழுதுனா படிக்கறவன் இன்னா சொல்வான்? புண்ணியவதின்னா?"

பேச்சு கெங்கம்மாவின் காதில் விழுந்துவிட்டது. அவள் கூடையைத் தள்ளிவிட்டு எழுந்தே வந்தாள். "அன்பு, ஒன்ன நம்பித்தான வெலை சொன்னோம்? பாவம் புள்ள படிக்குதேன்னு சொன்னோம். இந்தத் தெரு நடபாதைலேர்ந்து எங்கள கெளப்பணும்னு அந்த வீட்டுக்காரனுங்கோ மனு குட்த்துகினு கீறானுங்கோ. நீ வேற எழுதிக் குடு. யுனிவர்சிட்டியே சொல்லிட்சி, இவளுங்கோ அளவுல டபாய்க்கிறாளுங்கன்னு எட்த்துகினு போவானுங்கோ."

"எல்லாருக்கும் தெரிஞ்சதுதான கெங்கக்கா? இப்ப மாமி கூட கேட்டுட்டுத்தான போச்சு?"

"தெரியறது வேற. நீ எழுதறது வேற."

தாயம்மா அதற்கப்புறம் மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. "எழுதுனேன்னு வெச்சிக்கோ, இந்தக் கடையாண்ட கால வெக்காத" என்று மட்டும் சொன்னாள். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாக்கம் வரும்வரை தாயம்மா ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். உண்மையைச் சொன்னால் அம்மா இல்லை. சொல்லாவிட்டால் படிப்பு இல்லை. நல்லா இருக்குடா நியாயம்!

ஞாயிற்றுக்கிழமை அவள் திருவல்லிக்கேணிக்குப் போனாள். வகுப்புத் தோழன் ஷோயபின் அண்ணன் அங்கே ஒரு சந்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். ப்ராஜெக்ட் பிரின்ட் எல்லாம் அங்கேதான். ஷோயப் முழுக் கதையையும் கேட்டுவிட்டு ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

"இதுக்கா இம்மாம் அழுவாச்சி? சில்லறை வெலைய மாத்திடு. முப்பது, முப்பத்தஞ்சு, நாப்பது, அம்பது. மொத்த வெலை ஏறுற அன்னிக்கு இதையும் ஏத்து. ரொம்ப கரெக்டா ஏத்தாத, அங்கங்க கொஞ்சம் கோணலா போடு. சார் கிட்ட மொத ஃபைல் தப்பா டைப் ஆயிடுச்சுன்னு சொல்லு. உங்கம்மாவுக்கும் பிரச்சினை இல்ல, உனக்கும் இல்ல."

"பொய்யில்லடா அது?"

"உண்மையை எழுதி இன்னா கண்ட?"

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். முதல் எண்ணை மாற்றி, அழித்து, மறுபடி மாற்றினாள். பத்தாவது எண்ணுக்குள் பழகிவிட்டது. எங்கே எவ்வளவு ஏற்றினால் இயற்கையாக இருக்கும் என்று அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. நன்றாகப் படித்த பெண்ணாயிற்றே. ரெக்ரஷனை ஓட்டினாள். திரையில் வந்ததைப் பார்த்து ஷோயப் விசில் அடித்தான். பீட்டா அழகாக நின்றது, பக்கத்தில், முடிவு நம்பகமானது என்பதற்கு அடையாளமாக, மூன்று நட்சத்திரம். அஞ்சு மாசம் வெயிலில் உட்கார்ந்து எடுத்த நிஜ டேட்டாவுக்கு ஒரு நட்சத்திரம் வரவில்லை. அவள் பிரின்ட் எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது யாரையோ அடித்துவிட்டு வந்தவள் மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை துறை அறையில் மதிவாணன் சாரும் ஜஹீதா மேடமும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஜஹீதா மேடம் துறையில் மூத்தவர். அதிகம் பேசமாட்டார், பேசினால் கறாராகப் பேசுவார். அவர்களுக்குப் பின்னால் சுவரில் சரஸ்வதி படம். அட்டெண்டர் தங்கபுஷ்பம் அப்போதுதான் படத்துக்குப் பூ வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

"மொதல்ல குடுத்தது... சரியில்ல சார். இதுதான் சரி" என்று அன்புச்செல்வி புதுத் தாள்களை நீட்டினாள்.

மதிவாணன் சார் புரட்டினார். புரட்டப் புரட்ட அவர் முகம் தெளிந்தது. "இதோ. இப்பதான் டேட்டா மாதிரி இருக்கு. பாருங்க மேடம், எவ்வளவு அழகா வந்திருக்கு! இதை முதல்லயே குடுத்திருக்கலாமேம்மா."

அவள் தலையை ஆட்டினாள். முடிந்தது என்று நினைத்தாள். மூச்சு வந்தது.

ஜஹீதா மேடம் பழைய தாள்களைக் கையில் எடுத்தார். "அப்போ இது என்ன?"

"அது... தப்பு மேடம்."

"தப்புன்னா? டைப்பிங்ல இத்தனை முப்பது தப்பா விழாது. கற்பனையா எழுதினதா?"

மதிவாணன் சார்தான் அவளுக்காக இரங்கினார். "சரி மேடம், பயத்துல எழுதிட்டா. திருத்திக்கிட்டா இல்ல? ஒரு கடிதம் வாங்கிக்கிட்டு விட்டுடலாம்." ஒரு வெள்ளைத் தாளை அவள் பக்கம் தள்ளினார். "நான் முதலில் கொடுத்த விவரங்கள் உண்மையல்ல, நானே கற்பனையாக எழுதியவை, மன்னிக்கவும்னு எழுதிக் கையெழுத்துப் போடு. இதை ஃபைல்ல வெச்சுட்டு இந்தப் புது டேட்டாவை ஏத்துக்கறோம். போதும்."

போதும்தான். இரண்டு வரி. அதற்கப்புறம் ஜூன் மாதம், தி. நகர், சம்பளம், எல்லாம் வந்துவிடும். அவள் பேனாவை எடுத்தாள். 'நான் முதலில் கொடுத்த விவரங்கள்' என்று எழுதினாள். அடுத்த சொல் 'உண்மையல்ல'. எந்த விவரம் உண்மையல்ல? முப்பதுன்னா முப்பதுதான் என்று அம்மா சொன்னதா? ஜுரத்தோடு கடை போட்டிருந்த அன்றுகூட, எழுதிக்கோடி என்று கூப்பிட்டு விலை சொன்னாளே கெங்கம்மா, அதுவா? அவர்கள் சொன்னதில் ஒன்றுகூடப் பொய்யில்லையே. பொய் இதோ, மூன்று நட்சத்திரத்தோடு மேஜைமேல் இருக்கிறது.

"என்னம்மா? எழுது."

"முடியாது சார்."

"என்ன?"

"முப்பது நெஜம் சார். இதுதான் பொய். இத நேத்து நான் ஒக்காந்து எழுதினேன்." சொல்லிவிட்டு அழுகையை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

மதிவாணன் சார் இப்போது கத்தினார். "விளையாடுறியா? காப்பாத்திவிடலாம்னு பாத்தா ரெண்டையும் பொய்யாக்கிட்டு நிக்கிறே! எதைத்தான் நம்புறது நான்?"

"விலை ஏறினா எட்டக் கட்டுவோம் சார். முழம் அதே முழம்தான். பூதான் கொறையும்."

"வாய்க்கு வந்ததெல்லாம் விளக்கமா? என்ன ஆதாரம் இருக்கு?"

ஆதாரம் ஏது? எண்ணி வைத்திருந்தால்தானே? கையாலாகாமல் அவர் தலைக்கு மேல் பார்த்தாள். சரஸ்வதி படத்தில் புதுச்சரம் தொங்கியது. அதற்கு அடியிலேயே, எடுக்க மறந்துபோன வெள்ளிக்கிழமைச் சரம், பழுத்துச் சுருங்கி. இரண்டும் ஒரே நீளம்.

"சார், அதை எடுத்துப் பாருங்க. ரெண்டையும்."

அவருக்குப் புரியவில்லை. ஜஹீதா மேடத்துக்குப் புரிந்தது. "தங்கபுஷ்பம்!" என்று கூப்பிட்டார். "பூ என்ன விலைக்கு வாங்கின?"

"முழம் முப்பதுங்க மேடம்."

"வெள்ளிக்கிழமை?"

"அதுவும் முப்பதுதாங்க. ஏன் மேடம், கூடக் குடுத்துட்டேனா?" என்று அவள் பதறினாள்.

மதிவாணன் சார் நாற்காலிமேல் ஏறினார். ஏறும்போது வேட்டி நாற்காலிக் கையில் மாட்டியது, யாரும் சிரிக்கவில்லை. இரண்டு சரத்தையும் எடுத்து மேஜைமேல் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு முடிச்சு முடிச்சாக எண்ணினார். முடித்துவிட்டு, நம்பிக்கையில்லாமல் மறுபடியும் எண்ணினார். காய்ந்த சரத்தில் இருந்ததில் பாதிதான் புதுசில் இருந்தது.

"இருபது வருஷமா இந்தப் பாடம் எடுக்கறேன்" என்றார். கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார். "முழம்னா எவ்வளவுன்னு நான் கேட்டிருக்கணும். நீ எண்ணியிருக்கணும்."

"ஆமா சார்."

தப்பித்துவிட்டோம் என்று ஒரு கணம் தோன்றியது அவளுக்கு. ஜஹீதா மேடம் விடவில்லை. "முதல் டேட்டா உண்மை, ஆனா உபயோகமில்ல. ரெண்டாவது உபயோகமா இருக்கு, ஆனா பொய். எதை வெச்சு உன்னை நாங்க பாஸ் பண்றது? நீயே சொல்லு."

அவர்களே முடிவு பண்ணினார்கள். புதுத் தாள்களை மேடம் அவள் கண்ணெதிரே கிழித்துப் போட்டார். மால்ப்ராக்டிஸ் இல்லை. பாஸும் இல்லை. பூவை எண்ணி, புதுசாக டேட்டா எடுத்து, டிசம்பரில் ப்ராஜெக்டைக் கொடுக்க வேண்டும். டிசம்பர் என்றால் ஜூன் மாத வேலை இல்லை. கெஞ்சிப் பார்க்கலாமா என்று வாய்வரை வந்தது. வெளியே வந்து நடைக்கூடத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு அழுது தீர்த்தாள்.

சாயங்காலம் மயிலாப்பூரில் இறங்கினாள். கடையாண்ட கால் வைக்காதே என்று அம்மா சொன்னது நினைவில் இருந்தது. அதனால் இரண்டடி தள்ளி, விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றாள். தாயம்மா பார்த்தாள். பார்க்காத மாதிரி கட்டிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம்தான் தாக்குப்பிடித்தாள்.

"இன்னா ஆச்சி? எழுதிக் குட்த்துட்டியா?"

"ஃபெயிலு."

தாயம்மாவின் கையிலிருந்து மொட்டுகள் சிதறின. "இன்னாடி சொல்றே?"

"ஃபெயிலு மாதிரிதாம்மா. டிசம்பருக்குத் தள்ளிட்டாங்கோ. வேலை போச்சு." சொல்லச் சொல்ல அவளுக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். "ஒரு லெட்டர் எழுதிக் குட்த்தா பாஸுன்னாங்கோ. எழுதல."

"லெட்டர் எழுதறதுக்கு இன்னா கேடு ஒனக்கு? எழுதித் தொலைக்க வேண்டியதுதான?"

"மொதல்ல எழுதுனதெல்லாம் பொய்யின்னு எழுதணுமாம். நீ சொன்ன முப்பது, கெங்கக்கா சொன்ன முப்பது, எல்லாம் பொய்யின்னு நான் கையெழுத்து போடணுமாம். எப்டிமா போட்றது?"

பக்கத்தில் கெங்கம்மா ரோஜாவுக்குத் தண்ணீர் தெளிப்பதை நிறுத்திவிட்டிருந்தாள். கோயில் மணி அடித்தது, சாமி பார்த்து வரும் கூட்டம் தெருவில் திரும்பியது.

"பொய்யின்னா சொன்னான்?" என்றாள் தாயம்மா.

"மொதல்ல சொன்னாரு. அப்பால பூவ எண்ணிப் பாத்து ஒத்துக்கினாரு. எட்டக் கட்றத நான் சொல்லிட்டேம்மா. சொல்லாம முடியல. திட்றதுன்னா திட்டு."

தாயம்மா திட்டவில்லை. முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள். பட்டுப்புடவை கட்டின ஒரு பெண் வந்து, "முழம் எவ்ளோம்மா?" என்று சரத்தைத் தொட்டாள்.

"முப்பது" என்றாள் தாயம்மா. பிறகு, தெரு முழுக்கக் கேட்கும் குரலில், "இன்னிக்குப் பூ ஏறிகீது. எட்டத்தான் கட்டிகீறேன். அடர்த்தியா வேணும்னா அறுவது. பாத்து வாங்கிக்கோம்மா."

கெங்கம்மா பதறிப்போனாள். "ஏ தாயம்மா, ஒனக்கு இன்னா பைத்தியமா?"

தாயம்மா அவள் பக்கம் திரும்பவே இல்லை. அந்தப் பெண் சரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, முப்பதுக்கே ஒரு முழம் கேட்டாள். தாயம்மா முழம் போட்டாள். கிள்ளுவதற்கு முன்னால், விளக்குக் கம்பத்தடியில் நின்ற மகளை ஒரு அதட்டு அதட்டினாள்.

"இன்னா மசமசன்னு நின்னுகினு கீறே? வந்து குந்து. எண்ணு. எண்ணி எழுது. தாயம்மா, தெக்கு மாட வீதின்னு எம்பேரப் போட்டே எழுது. பொய்யின்னு எவனாச்சும் சொன்னா இங்க இட்டுனு வா."